பந்தை உருண்டையாக்கிய கன்னியம்மாள்

எங்கே போனாலும் சரி, அங்கே ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தால் கன்னியம்மாள் முதலில் அதில் வட்டமாக ஏதாவது இருக்கிறதா என்று தேடுவாள். ஆவடிக் கல்யாண மண்டபத்தில், பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காருகிற இடத்தில், ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில், எங்கேயும். செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் சுற்றும் பூமி உருண்டை, விளம்பரத்தில் ஓடும் கார் சக்கரம், சமையல் நிகழ்ச்சியில் தோசைக்கல், ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்த வட்டத்தைப் பிடிப்பாள். முதலில் படுக்கை வாட்டில், அப்புறம் விரலைத் தளர்த்தாமல் கையைத் திருப்பி உயர வாட்டில். பிறகு ஒரே ஒரு சொல்.

“முட்டை.”

எப்போதாவதுதான் “வட்டம்” என்று வரும்.

அவளைவிடப் பதினைந்து வயது இளையவனான தம்பி ஹேமநாதன் இந்தப் பழக்கத்தைப் பத்து வருஷத்துக்கும் மேலாகப் பார்த்துவருகிறான். தட்டை டிவிகள் ஊரெல்லாம் வந்த நாளிலிருந்து இது உண்டு. காலேஜில் படிக்கும்போது அவனுக்கு இது பெரிய சங்கடம். கூட வருகிறவர்கள், “உங்க அக்கா யாருக்குடா சைகை காட்டுறாங்க?” என்று கேட்பார்கள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். இப்போது அப்படியில்லை. இப்போது அவளே கவுண்டரில் போய், “ரிமோட் கொஞ்சம் குடும்மா, உன் டிவியில ஆளுங்க எல்லாம் அமுங்கிப் போய் கீறாங்க” என்று கேட்கிறாள். கேட்டால் கொடுக்கிறார்கள். ஒருமுறை பேங்கில் செக்யூரிட்டியே நாற்காலி போட்டு ஏறி நின்று, அவள் சொன்ன பட்டனை அமுக்கினார். வரிசையில் நின்றவர்கள் திரையைப் பார்த்து ‘அட’ என்றார்கள். தன் அக்காவைப் பற்றி யாராவது ‘அட’ என்று சொல்வதைக் கேட்க ஹேமநாதனுக்கு அலுப்பதே இல்லை. அந்தப் பெருமைக்குத் தனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்பது மட்டும் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

கன்னியம்மாள் மண்ணூர்பேட்டைக்காரி. பத்தாவது முடித்துவிட்டு, பதினேழு வயதில் அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். வண்டிகளுக்கு வேண்டிய சின்னச்சின்ன இரும்பு வளையங்கள் செய்கிற கம்பெனி. கடைசல் மிஷினிலிருந்து வரும் வளையங்களை எடுத்து, வெர்னியர் காலிப்பரில் வைத்து, உள் அளவு வெளி அளவு பார்த்து, சரி என்றால் முத்திரை குத்த வேண்டும். அவளுடைய முத்திரை பதினாலாம் நம்பர். ஒரு வளையம் எங்கோ வடக்கே போய், வண்டியில் மாட்டும்போது சேரவில்லை என்று திரும்பி வந்தால், முத்திரையைப் பார்ப்பார்கள். யார் கடைந்தது என்று கேட்க மாட்டார்கள். யார் பாஸ் பண்ணது என்றுதான் கேட்பார்கள். பத்தொன்பது வருஷத்தில் பதினாலாம் நம்பர் திரும்பி வந்தது இரண்டே தடவை. இரண்டையும் அவள் நாள், கிழமையோடு சொல்வாள்.

கம்பெனி ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி எங்கோ இடம் மாறியபோது, இங்கிருந்து போகமுடியாதவர்களுக்குக் கணக்கு முடித்து, ஆளுக்கொரு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார்கள். கன்னியம்மாள் விளக்கு வேண்டாம் என்றாள். கேன்டீனில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி இருந்தது. முதலாளி பையன் விளையாடி முடித்துப் போட்டுவிட்டுப் போனது. சாப்பாட்டு வேளையில் மிஷின்காரர்கள் அதில் கால்பந்து ஆடுவார்கள். அதைக் கேட்டாள். “உனக்கு எதுக்கும்மா அது?” என்று மேனேஜர் சிரித்தார். “இவங்கள்லாம் இனிமே எங்க போயி ஆடுவாங்க?” என்றாள்.

அவளுக்கு ஆடத் தெரியாது. இன்றுவரை ஆடியதில்லை. ஆனால் வீட்டின் முன் அறையில் அந்தப் பெட்டியையும் இரண்டு பழைய பிக்சர் டியூப் டிவிகளையும் வைத்து, இன்னொரு பெட்டியும் தேடி வாங்கி, கடையைத் திறந்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள், ஷிப்டுக்கு முன்னால் வருகிறவர்கள், லாரி லோடு இறங்கும்வரை காத்திருப்பவர்கள் வந்தார்கள். எல்லாரும் வளர்ந்த ஆண்கள். மீசை நரைத்தவர்களும் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்று எஸ்டேட்டே மிஷின் கழுவிப் பொட்டு வைத்துப் பொரிகடலை கொடுத்து மத்தியானத்தோடு மூடிவிடும். அன்று மத்தியானம் கன்னியம்மாள் கடையில் போட்டி. கேம் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. ஜெயித்தவருக்கு ஒரு பித்தளைக் கோப்பை.

கொரோனா மூடல் முடிந்து கடை மறுபடி திறந்தபின், தொடர்ந்து இரண்டு கோப்பையையும் வாங்கியவர் அப்துல் ரசாக். பட்டாபிராமில் குடியிருந்தார். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். முன்பு லேத் ஓட்டியவர். இரும்புச் சுருள் தெறித்து இடது கண் போனபின் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அதிகம் பேச மாட்டார். வருவார், ஒரே நாற்காலியில் உட்காருவார், இளவட்டங்களை வரிசையாகத் தோற்கடிப்பார், டீ குடித்துவிட்டு ரயிலுக்குப் போவார். “பாய்க்கு ஒரு கண்ணு கீறதுக்கே இப்புடி, ரெண்டும் இருந்தா நம்மளை ஊட்டுக்கே அனுப்ச்சிருப்பாரு” என்பான் லோகநாதன். அவன் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்பவன், முப்பது வயது, கடையில் பாய்க்கு அடுத்த ஆட்டக்காரன், வாய்க்கு முதல் ஆள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கையில், டியூப் டிவி ஒன்று டப்பென்று அணைந்தது. மற்றது ஏற்கெனவே பச்சையாகிக் கொண்டிருந்தது. ரிப்பேர்க்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் கன்னியம்மாள் நாற்பது இஞ்ச் அகல டிவி ஒன்று வாங்கிவந்தாள். மாட்டுகிற வேலை ஹேமநாதனுடையது. அவன் பி.எஸ்ஸி. இயற்பியல். அந்த வீட்டில் முதல் பட்டதாரி. அப்போது தேர்வு மேல் தேர்வாக எழுதிக்கொண்டு வீட்டில் இருந்தான். எதை நோக்கி எழுதுகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லாத காலம் அது.

மாட்டி, ஆட்டத்தைப் போட்டதும் கடையே சிரித்தது.

“இன்னாக்கா, அல்லாரும் கல்யாண சாப்பாடு துன்னுட்டு கிரவுண்டுக்கு வந்துட்டானுங்க?” என்றான் லோகநாதன். “கோல்கீப்பரைப் பாரேன், எங்க மாமா மாதிரியே கீறான்.”

ஆட்டம் தொடங்குமுன், நடுக்கோட்டில் வைத்த பந்தைக் கிட்டத்தில் காட்டுவார்கள். கன்னியம்மாள் அதை அப்படியே நிறுத்தச் சொன்னாள். அலமாரியிலிருந்து வெர்னியரை எடுத்தாள். கம்பெனியை விட்டு வரும்போது சொந்தக் காசில் வாங்கிய பழைய வெர்னியர் அது. திரையில் கீறல் விழாமல், மெல்ல, பந்துக்கு மேல் வைத்தாள்.

“ஒசரம் தொண்ணுத்தாறு. அகலம் நூத்தி இருவத்தெட்டு. டேய் ஏமு, இது பந்தாடா?”

ஹேமநாதன் வெர்னியரை முதலாமாண்டு லேபில் தொட்டிருக்கிறான். கண்ணாடிக் குண்டின் விட்டம் காண வேண்டும். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்துக் காப்பியடித்து எழுதினான். முழு மதிப்பெண் போட்டார்கள். அக்கா கையில் அதே கருவி ஒரு உண்மையைச் சொல்வதைப் பார்த்தபோது காது சூடானது. ஆனால் காரணம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதையாவது சொல்லிக்காட்ட வேண்டும் என்று தோன்றியது.

“அக்கா, பழைய டிவியோட உருவம் நாலுக்கு மூணு. இது பதினாறுக்கு ஒம்பது. கேம் பழைய டிவிக்காகப் போட்ட படம். இந்த டிவி அதை ரெண்டு பக்கமும் இழுத்து நிரப்புது. அதான் குண்டாயிட்டாங்க.”

“இழுக்காதன்னு சொல்லு.”

சொன்னான். ரிமோட்டில் படத்தின் அளவை நாலுக்கு மூணு ஆக்கினான். பந்து தொண்ணூற்றாறுக்குத் தொண்ணூற்றாறு. கன்னியம்மாள் தலையாட்டினாள். ஆனால் படத்துக்கு இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை விழுந்தது. இப்போது மற்றவர்கள் கத்தினார்கள்.

“இன்னாக்கா இது, அகல டிவி வாங்கி ரெண்டு பக்கமும் மூடி வெச்சிகினு?”

“ரோடு அகலப்படுத்த நம்ம எடத்தை எடுத்துக்கின மாதிரி கீது. பட்டா நம்புளுது, எடம் அவனுது.”

சிரிப்பு அடங்கவில்லை. அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இரண்டடி மூன்றடி ரோட்டுக்குப் போயிருக்கிறது. அளந்து கொடுத்த இடத்தை யாரும் மறந்ததில்லை. கருப்புப் பட்டை என்பது அவர்களுக்கு இழப்பாகவே தெரிந்தது. நாளை மறுநாள் போட்டியை வைத்துக்கொண்டு இப்படிப் பேச்சு வாங்குவது கன்னியம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

“பந்தும் உருண்டையா இருக்கணும், டிவியும் ரொம்பணும். முடியுமாடா?” என்றாள் தம்பியிடம்.

மறுநாள் சாயங்காலம் அவன் வழி கண்டுபிடித்தான். டிவியில் ‘ஜூம்’ என்று ஒன்று இருந்தது. அது படத்தை எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பெருக்கும். பட்டை மறைந்துவிடும், பந்து உருண்டையாகவே இருக்கும். படம் பெரிதாகிற அளவுக்கு மேலும் கீழும் திரைக்கு வெளியே போய்விடும், அவ்வளவுதான். மேலே மணியும் கோல் கணக்கும் இருக்கிறதே என்று யோசித்து, அம்புக்குறிப் பட்டனால் படத்தைக் கீழே இறக்கினான். மேல் பக்கம் முழுதும் தெரிந்தது. வெட்டு மொத்தமும் கீழ்ப்பக்கம் போயிற்று. கீழே என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியும். ஆட்டக்காரர்கள் மைதானத்தில் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி புள்ளியாகக் காட்டும் சின்ன வரைபடம், உள்ளங்கை அளவுக்கு. அதை யார் பார்க்கிறார்கள் என்று நினைத்தான். நினைத்ததை அக்காவிடம் சொல்லவில்லை.

கன்னியம்மாள் வெர்னியரை வைத்தாள். அகலம் நூற்றிருபத்தெட்டு. உயரம் நூற்றிருபத்தெட்டு.

“பாஸ்,” என்றாள்.

ஆயுத பூஜை மத்தியானம் அறை நிரம்பி, வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். முதல் சுற்று இரண்டாம் சுற்று முடிந்து, எல்லாரும் எதிர்பார்த்தபடி கடைசி ஆட்டத்துக்கு அப்துல் ரசாக்கும் லோகநாதனும் வந்தார்கள். பாய் அன்று தட்டுத்தடுமாறித்தான் அதுவரை வந்திருந்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி ஆட்டத்தில் தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கினார். பிறகு இன்னொன்று. நாற்காலியை இழுத்துப் போட்டார், தள்ளிப் போட்டார். முன்னால் குனிந்து, டிவியின் கீழ் விளிம்பையே பார்த்தார்.

“இன்னா பாய், கீய இன்னாத்த தேடுற? சில்லற கில்லற வுழுந்துச்சா?” என்றான் லோகநாதன்.

அறை அதிர்ந்தது. ஹேமநாதனும் சிரித்தான். நாலுக்குச் சைபர். பாய் எழுந்து லோகநாதனின் தோளைத் தட்டிவிட்டு, டீ வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். பிறகு அவர் கடைக்கு வரவில்லை. இரண்டொருவர், “ஏமு, அந்த மேப்பு காணமே” என்றார்கள். “படம் எவ்ளோ பெருசா இருக்கு, பாத்தீங்களா?” என்று ஹேமநாதன் பேச்சை மாற்றினான். அவர்களும் பழகிக்கொண்டார்கள்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்டுப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு இருவரும் போனார்கள். ஸ்ரீநாத் என்கிற ஐ.டி. ஊழியர் கடையைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டிருந்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். ஊரில் வீட்டைக் காலி செய்தபோது சின்ன வயதில் ஆடிய கேம் பெட்டி கிடைத்திருக்கிறது. புது டிவியில் மாட்டத் தெரியவில்லை. ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி, சுவர் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. ஹேமநாதன் கேபிளைச் செருகி, அதே கால்பந்து டிஸ்க்கைப் போட்டான். அந்த டிவி தானாகவே நாலுக்கு மூணில் இருந்தது. இரண்டு பக்கமும் பட்டை. நடுவே முழுப் படம்.

கன்னியம்மாள் வெர்னியரை எடுக்கவில்லை. படத்தின் கீழ்ப் பகுதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே சின்ன வரைபடத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் ஓடின.

“இது நம்ம கடையில எங்கடா?”

ஹேமநாதன் குனிந்து கேபிளை மறுபடி அமுக்கிச் செருகினான்.

“முன்ன டியூப் டிவியில இருந்துச்சு. தெனம் பாத்துகினு தான கீறேன். இப்ப எங்க?”

“ஜூம்ல கட்டாயிடுச்சுக்கா.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

ஸ்ரீநாத் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். கன்னியம்மாள் அவரை உட்காரச் சொல்லி, விளையாடச் சொன்னாள். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு விளையாடச் சொன்னாள். ஸ்ரீநாத் சிரித்துக்கொண்டே இடது கண்ணை ஒரு கையால் மூடினார். ஒரு கையால் ஆடவும் பார்த்தார்.

“என்னக்கா இது, இந்தப் பக்கம் யார் வாரான்னே தெரியலயே. டிவி வேற இவ்ளோ பெருசா கெடக்கு. கீழ மேப்பைப் பாத்துத்தான் ஆடணும் போல.”

கன்னியம்மாள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். ஹேமநாதன் தன் அக்காவை அப்படிப் பார்த்ததில்லை. கம்பெனியில் கணக்கு முடித்த அன்றுகூட அவள் நின்றுகொண்டேதான் பேசினாள்.

“அந்த ஆளு அன்னைக்குக் குனிஞ்சி குனிஞ்சி இதத்தான் தேடிகினு இருந்தாரு,” என்றாள். “நான் உருண்டையா கீதான்னு மட்டும் பாத்து பாஸ் போட்டுட்டேன்.”

எழுந்தாள். “சரி. பட்டையும் இருக்கக் கூடாது, வெட்டவும் கூடாது, இழுக்கவும் கூடாது. வழி கீதா இல்லியா? பொறுமையா பாரு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு.”

அன்று ஹேமநாதன் முதல்முறையாக ஊகிப்பதை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். கேம் பெட்டியின் சொந்த அமைப்புப் பக்கத்தில் திரை அளவு என்று ஒன்று இருந்தது. அதைப் பதினாறுக்கு ஒன்பது ஆக்கினான். டிவியை முழுத்திரையில் வைத்தான். பந்து மறுபடி முட்டையானது. கன்னியம்மாள் அளந்து, “ரிஜெக்ட்” என்றாள். பிறகு ஆட்டத்துக்குள்ளேயே, ஒலி, மொழி, கேமரா என்று வரிசையாக இருந்த பக்கங்களின் அடியில், அகலத் திரையா என்று கேட்கும் ஒரு வரி இருந்தது. இத்தனை வருஷம் யாரும் இறங்கிப் பார்க்காத வரி. அதை மாற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினான்.

மைதானம் அகன்றது. முன்பு தெரியாத ஓரங்களில் ஆட்கள் ஓடினார்கள். யாரும் குண்டாக இல்லை. கீழே வரைபடம் அப்படியே இருந்தது. கன்னியம்மாள் வெர்னியரை வைத்தாள். உயரம் நூற்றி முப்பத்திரண்டு. அகலம் நூற்றி முப்பத்திரண்டு. பிறகு நாலு ஓரங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மணி இருக்கிறது, கோல் கணக்கு இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன, வரைபடம் இருக்கிறது.

“எங்கக்கா கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?” என்றார் ஸ்ரீநாத். “நான் ஆபீஸ்ல டெஸ்டிங்தான் பாக்கேன். எங்க டீமுக்கு நீங்க வாங்களேன்.”

“எஸ்டேட்டுல,” என்றாள் கன்னியம்மாள்.

வானகரம் வழியாகத் திரும்பும் பஸ்ஸில் ஹேமநாதன்தான் பேச்செடுத்தான். “தப்பு என்னுதுக்கா. நான்தான் மறைச்சேன்.”

“நீ கடைஞ்ச. பாஸ் பண்ணது யாரு?”

“நான் சொல்லலையேக்கா உங்கிட்ட.”

“சொன்னாத்தான் தெரியணும்னா செக்கிங்குன்னு ஒருத்தி எதுக்கு?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கோபித்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் கடை திறந்ததும் டிவியைச் சரிசெய்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு டிஸ்க்கையும் போட்டு, டிவி, பெட்டி, ஆட்டம் என்று மூன்று இடத்திலும் எந்த அமைப்பு, பட்டை வேண்டுமா வேண்டாமா, நாலு ஓரத்திலும் என்ன தெரிய வேண்டும் என்று ஹேமநாதன் எழுத, அவள் அளந்து சொல்ல, ஒவ்வொரு உறையிலும் ஒரு சீட்டு ஒட்டினார்கள். அகலத் திரைக்கு வழியே இல்லாத பழைய டிஸ்க்குகளுக்குப் பட்டையோடுதான் ஆட்டம். அதற்கு யாராவது முணுமுணுத்தால், “பேங்க் பாரத்துல ஓரம் உட்டு எழுதறல்ல? அப்புடி நெனச்சிக்க” என்பாள். இன்று ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும், போரூர் ரோட்டு அடுக்குமாடிகளிலிருந்தும் அவளைக் கூப்பிடுகிறார்கள். கேம் பார்லர் வைத்திருக்கிற ஒருவர் திருவள்ளூரிலிருந்து வந்து சீட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டு போனார். எடுக்கச் சொல்லி வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினாள். அந்தச் சீட்டுகளில் இருப்பது ஹேமநாதனின் கையெழுத்து. வாழ்க்கையில் அவன் காப்பியடிக்காமல் எழுதிய முதல் அளவுகள் அவை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், டிவியைச் சரிசெய்த அன்றே, அவள் லோகநாதனைக் கூப்பிட்டனுப்பினாள். கோப்பையையும் எடுத்துவரச் சொன்னாள். நடந்ததைச் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது.

“அப்ப நான் செயிச்சது பொய்யாக்கா? எனக்கும் அதே டிவி தான?”

“அதே டிவிதான். அதே கண்ணா?”

லோகநாதன் கோப்பையைக் கையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வீட்டில் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான், விபூதி ஒட்டியிருந்தது.

“பொய்யின்னு சொல்லலடா,” என்றாள். “பாஸும் இல்ல, ரிஜெக்ட்டும் இல்ல.” மேசை இழுப்பறையிலிருந்து மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்தாள். கம்பெனியில் சந்தேகப்பட்ட பெட்டியில் மறுபடி அளக்கும்வரை இப்படி ஒரு சீட்டுதான் கட்டுவார்கள். “ஹோல்டு. பாய் வரட்டும். நல்லா தெரியுற டிவியில மறுபடி ஆடுங்க. செயிச்சா எடுத்துகினு போ.”

“வரச்சொல்லுக்கா. இந்தவாட்டி அஞ்சு போடறேன் அவருக்கு,” என்றான் லோகநாதன். சொல்லிவிட்டு, சீட்டைக் கோப்பையில் அவனே கட்டினான்.

அடுத்த ஞாயிறு அக்காவும் தம்பியும் பட்டாபிராமுக்கு ரயிலேறினார்கள். அப்துல் ரசாக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி வேம்புலியம்மாள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“பாயா? ஊட்டைக் காலி பண்ணிகினு பூட்டாரே. கம்பெனியில ஆள் கொறச்சிட்டானுங்க. ராணிப்பேட்டையில பொண்ணு கீது, அதாண்ட பூட்டாரு. நல்ல மனுசன். இன்னா, ஏதாவது பாக்கியா?”

“ஆமா,” என்றாள் கன்னியம்மாள். “எங்க பாக்கி.”

நம்பர் கிடைத்தது. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று பேசினாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். தம்பியும் கேட்க வேண்டும் என்று. முழுதும் சொல்லி முடித்தாள். மறுபக்கம், அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தோல் தொழிற்சாலையின் இரைச்சல் கேட்டது.

“ஒண்ணு சொல்லட்டாம்மா? எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு,” என்றார் அப்துல் ரசாக். “இருக்கற கண்ணும் போவுதுன்னு நெனச்சிட்டேன். மேப்பு இல்லன்னு தோணல. எனக்குத் தெரியலன்னு தோணுச்சு. மறுநாளே கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். நல்லாதான் கீதுன்னாங்க, நம்பத்தான் முடியல. இப்பதான் எனக்கு நிம்மதி.”

ஹேமநாதன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரைபடத்தை யார் பார்க்கிறார்கள் என்று தான் நினைத்த அந்த ஒரு நொடி, இன்னொரு மனிதனின் எத்தனை இரவுகளைத் தின்றிருக்கிறது என்று கணக்குப் போட அவனுக்குத் தைரியம் வரவில்லை. போனை வாங்கி, “பாய், அது நான் பண்ண தப்பு. மன்னிச்சிடுங்க” என்றான்.

“அட, உடு நைனா. கேம் தான.”

கன்னியம்மாள் போனைத் திரும்ப வாங்கினாள். “பாய், கோப்பையை ஹோல்டுல வெச்சிருக்கேன். நீங்க வரணும். ஒரே ஒரு ஆட்டம்.”

“எனக்கு வேணாம்மா. லோகுவே வெச்சிக்கட்டும். நான் மனசுல எதுவும் வெச்சிக்கல.”

“நீங்க வெச்சிக்கல. நான் இன்னா பண்றது? அது என் முத்திரை.”

அவர் சிரித்தார். லீவு கிடைத்தால் வருகிறேன் என்றார்.

மூன்று ஆயுத பூஜைகள் வந்து போய்விட்டன. ஒவ்வொரு வருஷமும் அவள் அவரைக் கூப்பிடுகிறாள். ஒரு வருஷம் பேரனுக்குக் காய்ச்சல். ஒரு வருஷம் ஓவர்டைம். போன வருஷம், “வரேன், வரேன்” என்றார், வரவில்லை. போட்டி நடக்கிறது, புதுக் கோப்பைகள் வருகின்றன, ஆட்கள் வாங்கிப் போகிறார்கள். லோகநாதனுக்குக் கல்யாணமாகி, போன வருஷக் கோப்பையை மனைவியோடு வந்து வாங்கிக்கொண்டான், பழையதைப் பற்றி, “பாய் வந்தாரா?” என்று மட்டும் கேட்டான்.

அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நீ ஏன் இன்னும் சுமக்கிறாய் என்று ஹேமநாதன் ஒருமுறை கேட்டுப் பார்த்தான். நாம் ராணிப்பேட்டைக்கே பெட்டியையும் டிவியையும் கொண்டுபோனால் என்ன என்றும் கேட்டான். அதற்கு அவள் உடனே மறுப்புச் சொல்லவில்லை. வண்டி யாரிடம் கேட்கலாம் என்று விசாரித்தாள். பிறகு மழை வந்தது, எஸ்டேட்டில் தண்ணீர் நின்றது, கடை பத்து நாள் மூடியிருந்தது, பேச்சு தள்ளிப்போனது. பாயும் லோகநாதனும் மறுபடி ஆட வேண்டிய அந்த ஒரே ஆட்டம் இன்னும் ஆடப்படவில்லை.